மொட்டைமாடியில் ஒரு புதிய செவ்வரத்தை: மகரந்தம் தொடுவதிலிருந்து பெயர் வைப்பது வரை

புதுப் பூ ஒன்றை உண்டாக்க ஆய்வுகூடம் வேண்டும், விவசாயப் பட்டம் வேண்டும், ஏக்கர் கணக்கில் காணி வேண்டும் என்றுதான் கனபேர் நினைக்கிறார்கள். செவ்வரத்தைக்கு, தமிழ்நாட்டில் செம்பருத்தி என்பார்களே அதற்கு, இந்த மூன்றும் தேவையில்லை. அரைநாளாவது வெயில் படும் மொட்டைமாடியோ பல்கனியோ, காய் பிடிக்கக்கூடிய ஒரு தாய்க்கன்று, ஒரு கொப்பி, இரண்டு மூன்று வருடம் காத்திருக்கும் மனம், இவ்வளவும் இருந்தால் வேறு எவரிடமும் இல்லாத ஒரு பூவை உங்கள் வீட்டில் பூக்க வைக்கலாம். மகரந்தம் தொடுவது ஐந்து நிமிட வேலை. மிச்சமெல்லாம் எழுதி வைப்பதும், பார்த்துப் பார்த்துக் கழிப்பதும்தான், அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையில், நாலாம் மாடி. மேலே மொட்டைமாடியில் சாடிகள். எல்லாமே இந்த இடத்தில் பார்த்துப் பழகியவை என்பதால் கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர்கள் மாதங்களைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏன் செவ்வரத்தை என்று கேட்பீர்கள். ஓர்க்கிட் விதை தூசி மாதிரி, அதை முளைக்க வைக்கக் கிருமியில்லாத கண்ணாடிக் குடுவை வேண்டும். அந்தூரியத்தில் காய் பழுக்கவே பல மாதம் போகும். ரோஜாவுக்குக் கொழும்பின் சூடும் ஈரமும் ஒத்துவருவதில்லை, இலையில் கரும்புள்ளி வந்தே பாதிக் கன்று போய்விடும். செவ்வரத்தையோ வருடம் முழுக்கப் பூக்கும், பூவின் உறுப்புகள் மூக்குக்கண்ணாடி இல்லாமலே தெரியும் அளவுக்குப் பெரிசு, இரண்டு மாதத்தில் விதை கைக்கு வரும். சிங்களத்தில் வத மல், சப்பாத்து மல் என்று சொல்லும் அதே பூதான், நம் வீடுகளில் பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் பறித்து வைப்பது.

என்ன வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில் உங்களுக்கு வேண்டிய பூவை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். 'அழகான பூ' என்று எழுதினால் பிறகு எதையும் கழிக்க மனம் வராது. என்னுடைய கொப்பியில் இருப்பது இது: நடு சிவந்த மஞ்சள் பூ, ஒக்டோபர் மழையில் இதழ் ஒட்டி அழுகக் கூடாது, கடல் காற்றுக்கு இலை ஓரம் கருகக் கூடாது, 10 அங்குலச் சாடியில் அடங்க வேண்டும். நிறம் முதலில் வந்தாலும் மற்ற மூன்றையும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனென்றால் வெளிநாட்டில் உருவான பெரிய பெரிய கலப்புச் செவ்வரத்தைகளைக் காசு கொடுத்து வாங்கி வந்து ஒரே மழைக்காலத்தில் வேரழுகி இழந்தவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே பிறந்து இங்கே மழை வெயில் தாங்கி நிற்கும் ஒரு பூ நமக்கு வேண்டும்.

தாயும் தகப்பனும்

இங்கேதான் தொடக்கத்தில் கனபேர் தடுக்கி விழுகிறார்கள். வேலியில் நிற்கும் சாதாரண சிவப்புச் செவ்வரத்தையை எடுத்து எத்தனை தடவை மகரந்தம் வைத்தாலும் அது காய் பிடிப்பது மிக அரிது. அதன் பயன் வேறு, பிறகு சொல்கிறேன். தாயாக ஒரு கலப்பின ஒற்றைப் பூக் கன்று வேண்டும். பத்தரமுல்லை தியத்த உயனவில் வரிசையாக இருக்கும் கன்றுக் கடைகளில் போய்ப் பாருங்கள், விகாரமகாதேவிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடந்தால் அங்கேயும் பாருங்கள். கடையில் நிற்கும் கன்றில் பச்சைக் காய் ஏதும் தொங்குகிறதா என்று இலையை விலக்கிப் பாருங்கள், இருந்தால் பேசாமல் வாங்கிவிடலாம், அது தாயாகத் தகும். பெயர்ச்சீட்டை மட்டும் முழுசாக நம்ப வேண்டாம். மஞ்சள் என்று சீட்டுக் கட்டி ஒருவர் எனக்கு விற்ற கன்று ஏழு மாதம் கழித்து ரோஸ் நிறத்தில் பூத்தது. பூவோடு நிற்கும் கன்றைத்தான் வாங்க வேண்டும்.

தகப்பனுக்கு வேண்டியது நல்ல மகரந்தம். காலை ஒன்பது மணிக்குப் பூவின் நடுத்தண்டை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், பொன்தூள் மாதிரி மணி மணியாக விரலில் ஒட்டினால் சரி. காய்ந்து வெளிறி, தொட்டால் ஒன்றும் வராவிட்டால் அது உதவாது. அடுக்குச் செவ்வரத்தையில் மகரந்தத்தைத் தாங்கும் கேசரங்கள் பலவும் இதழாக மாறியிருப்பதால் மகரந்தம் குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் தேடினால் இதழ்களுக்கு இடையில் கொஞ்சம் இருக்கும்.

பரம்பரை பற்றி ஒரு விஷயம். பரம்பரையை ஆராய்ந்த மெண்டல் பட்டாணியில் கண்டதுபோல, குணங்கள் மூன்றுக்கு ஒன்றாகப் பிரியும் 3:1 கணக்கை இங்கே எதிர்பார்க்காதீர்கள். செவ்வரத்தையின் நிறமூர்த்தங்கள், அதாவது குணங்களைப் பிள்ளைக்குக் கடத்தும் குரோமோசோம்கள், பல மடங்காகப் பெருகியவை, அவற்றின் எண்ணிக்கையே ஒரு கன்றுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபடும், அதோடு இன்றைய கலப்பினங்கள் தலைமுறை தலைமுறையாகக் கலந்தவை. அதனால் ஒரே காயில் வந்த பத்து விதையும் பத்து விதமாகப் பூக்கும். மஞ்சளைத் தருவது கரோட்டினொயிட், சிவப்பையும் ரோஸையும் தருவது அந்தோசயனின், இரண்டும் ஒரே இதழில் சேரும்போது செம்மஞ்சளும் செங்கல் நிறமும் வரும். எந்த விதையில் எது எவ்வளவு சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே நிறத்துக்காகத் தலையைப் போட்டு உடைக்காமல், உறுதியான கன்றைத் தாயாகவும் உங்களுக்குப் பிடித்த நிறத்தைத் தகப்பனாகவும் வைத்துத் தொடங்குங்கள், காய் பிடிக்காவிட்டால் இரண்டையும் மாற்றிச் செய்யுங்கள். ஒரு பக்கம் பிடிக்காத சோடி மறுபக்கம் பிடிப்பதுண்டு.

வெளிநாட்டிலிருந்து கிளையோ விதையோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும், தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை கட்டுநாயக்கவில் இருக்கிறது. ஒரு கிளையோடு வரும் பூச்சி ஊர்த் தோட்டம் முழுக்கப் பரவினால் அதை யாராலும் திருப்பி அனுப்ப முடியாது.

எந்த மாதம், எந்த நேரம்

கொழும்பில் ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். மழை குறைவு, விடியற்காலையில் கொஞ்சம் குளிர் இருக்கும், அப்போது வைத்த காய்கள் தென்மேல் பருவமழை பிடிக்க முன்னரே முற்றிவிடும். மே கடைசியில் தொடங்கும் மழையிலும், அதைவிட மோசமாக ஒக்டோபர் நவம்பரிலும், மகரந்தம் நனைந்து வீணாகும், பிடித்த காயும் அழுகி விழும்.

நேரம் காலை ஏழிலிருந்து பத்து. பதினொரு மணி வெயிலில் மகரந்தம் காய்ந்துவிடும். தகப்பன் பூ இன்று, தாய்ப் பூ நாளை என்று வந்தால் தகப்பன் பூவைக் காலையிலேயே பறித்து ஒரு மூடி போட்ட பெட்டியில் பிரிட்ஜில் வையுங்கள், ஒரு நாள் தாங்கும்.

மகரந்தம் தொடும் காலை

பூவைக் கிட்டப் பாருங்கள். இதழ்களின் நடுவிலிருந்து ஒரு நீளத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் பக்கமெல்லாம் மஞ்சள் மணிகளாக ஒட்டியிருப்பவை மகரந்தக்கூடுகள். தண்டின் நுனி ஐந்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் தலையிலும் வெல்வெட் போட்ட ஊசித்தலை மாதிரி ஒரு சின்னக் குமிழ் இருக்கும். பள்ளிக்கூடத்தில் குறி என்று படித்தோமே, அதுதான், தமிழ்நாட்டில் சூல்முடி என்பார்கள். அந்த ஐந்து குமிழுக்கும் கீழே சூலகத்திலும் ஐந்து அறைகள் இருக்கின்றன, அதனால் ஒன்றில் மட்டும் பூசிவிட்டுப் போகாமல் ஐந்திலும் பூசுங்கள்.

தன் மகரந்தமே தனக்குப் படக் கூடாதென்றால், முதல்நாள் மாலையே நாளைக்கு விரியப் போகும் மொட்டைத் தெரிந்தெடுத்து, இதழ்களைச் சின்னக் கத்தரிக்கோலால் பாதியில் வெட்டி, தண்டில் இருக்கும் மகரந்தக்கூடுகளை நுனியால் மெல்லச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அந்த நேரம் அவை வெடித்திருக்காது. இதழ் இல்லாத பூவைத் தேன்சிட்டும் அவ்வளவாக நாடி வராது, அது ஒரு கூடுதல் இலாபம், ஏனென்றால் விடிந்ததும் வேறு பூவின் மகரந்தத்தோடு வந்து மூக்கை நுழைப்பதே அந்தக் குருவிதான்.

மறுநாள் காலை தகப்பன் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கிப் பிடித்து, அந்தப் பூவையே தூரிகை மாதிரிக் கையில் வைத்துத் தாயின் ஐந்து குமிழ்களிலும் தடவுங்கள். செவ்வரத்தை மகரந்தம் பெரிசு, ஒவ்வொரு மணியும் வெறுங்கண்ணுக்கே தெரியும், மேலே முள்ளுமுள்ளாக இருப்பதால் குமிழின் மயிரில் சிக்கிக்கொள்ளும். சிவப்புக் குமிழ் முழுக்க மஞ்சள் புள்ளியாக மாறியதும் போதும். மழை வருமாப்போல இருந்தால் குளிர்பானக் குழாயில் ஒரு அங்குலத் துண்டு வெட்டி, மேல் வாயை நெருப்பில் காட்டி மூடி, தொப்பி மாதிரிக் குறியின் மேல் போட்டுவிடுங்கள், மறுநாள் எடுத்துவிடலாம்.

சரி, உடனே லேபல். தள்ளிப்போடாதீர்கள். தாயின் பெயர் முதலில், பிறகு பெருக்கல் குறி, பிறகு தகப்பன், திகதி. காம்பில் நூலால் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் துண்டில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் பேனாவால் எழுதிய என்னுடைய பதினான்கு லேபல்கள் ஒரு மழைக்காலத்தில் வெள்ளைத் துண்டுகளாகிவிட்டன, அந்தக் கன்றுகளில் ஒன்று நான் இதுவரை கண்டதில் மிக நல்ல ஆரஞ்சு நிறத்தில் பூத்தது, அதன் தாய் யார் தகப்பன் யார் என்று இன்றுவரை தெரியாது, அதே சோடியைத் திரும்பச் சேர்க்கவும் வழியில்லை. அதே விபரம் கொப்பியிலும் இருக்கட்டும்.

காய் பிடித்ததா

இரண்டொரு நாளில் பூ வாடி விழும். பச்சைப் புல்லி மட்டும் நிற்கும். ஒரு கிழமைக்குள் காம்பு மஞ்சளாகி விழுந்தால் பிடிக்கவில்லை, அதுதான் பெரும்பாலும் நடக்கும், மனம் தளர வேண்டாம். ஒரே சோடியைக் குறைந்தது பத்துத் தடவையாவது முயன்று பார்க்காமல் சரிவராது என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு கிழமையில் புல்லிக்குள் உருண்டையாக ஒன்று வீங்கித் தெரிந்தால் பிடித்துவிட்டது, என்றாலும் முதல் மாதத்துக்குள் அதுவும் விழலாம். சாடி ஒரு நாள் காய்ந்தாலும் விழும், பஞ்சுபோல ஒட்டும் மாவுப்பூச்சி ஏறினாலும் விழும். பூச்சிக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும், அதோடு எறும்பையும் தடுக்க வேண்டும், பூச்சியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேற்றுவது அதுதான். சாடியின் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கு நுளம்புக்கு அது போதும்.

காய் முற்ற ஆறிலிருந்து எட்டுக் கிழமை. கலியாண வீடுகளில் இனிப்புப் போட்டுத் தருவார்களே சின்ன வலைப்பை, அதை ஐந்தாம் கிழமையில் காயின் மேல் போட்டு நாடாவை இழுத்துக் கட்டிவிடுங்கள். அணிலிடமிருந்தும் காப்பாற்றும், காய் வெடித்தால் விதை கீழே சிந்தவும் சிந்தாது. காய் பழுப்பாகி நுனியில் கீறல் விட்டதும் பையோடு வெட்டி எடுங்கள். ஒரு காயில் ஒரு விதையும் இருக்கலாம், இருபதும் இருக்கலாம்.

விதையிலிருந்து கன்று

விதை சின்னச் சிறுநீரக வடிவில், மயிர் படர்ந்து, மிளகைவிடச் சிறிதாக இருக்கும். தோல் தடிப்பு. ஒரு முனை கூராகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருக்கும், நகவெட்டியால் அந்த உருண்டைப் பக்கத்துத் தோலை மட்டும் ஒரு கீறல் விடுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, காலையில் நனைந்த டிஷ்யூ கடதாசியில் பரப்பி ஒரு மூடிய பெட்டிக்குள் வையுங்கள். நம் சூட்டில் மூன்று நாளிலேயே சிலது வேர் விடும், சிலதுக்கு இரண்டு கிழமை போகும்.

வேர் அரை அங்குலம் வந்ததும் யோகட் கப். அடியில் நாலைந்து ஓட்டை, உள்ளே தும்புத்தூளும் ஆற்று மணலும் சரிபாதி. தும்புத்தூளை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து எடுங்கள், அதில் உப்பு இருக்கும். இந்தக் கட்டத்தில் கூட்டெரு வேண்டாம், பசளையும் வேண்டாம். கொழும்பின் ஈரத்தில் முளைகளைக் கொல்வது தண்டடி அழுகல்தான், நேற்று நிமிர்ந்து நின்ற முளை இன்று மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூலாக மெலிந்து சாய்ந்து கிடக்கும். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர், மழை படாத கூரை, காற்றோட்டம், இந்த மூன்றும் இருந்தால் அநேகம் தப்பிவிடும்.

முளையோடு வரும் வித்திலைகளை விட்டு நாலு உண்மையான இலை வந்ததும் நாலு அங்குலச் சாடி, பிறகு எட்டு அங்குலம். அதற்குப் பிறகு முழு வெயில், பொட்டாசியம் கூடிய பசளை கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. பூக்கவென்று விற்கும் பொஸ்பரஸ் கூடிய பசளை செவ்வரத்தைக்கு ஆகாது. நுனியைக் கிள்ளாதீர்கள், இயல்பாகவே கிளை விடுகிறதா என்பதும் நாம் பார்க்க வேண்டிய குணம்.

முதல் பூ

பத்து மாதத்திலும் வரும், இரண்டு வருடமும் எடுக்கும். என் முதல் கன்று பூத்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: முதல்நாள் மாலை மொட்டின் நுனியில் ஒரு கோடு வெளிறிய மஞ்சள் தெரிந்தது, விடிய ஐந்தரைக்கு டோர்ச்சோடு மேலே போனேன், இதழ்கள் இன்னும் சுருள் அவிழாமல் ஈரமாக இருந்தன, ஆறே முக்காலுக்கு நடுவில் கருஞ்சிவப்பும் ஓரத்தில் மஞ்சளுமாக விரிந்து நின்றது. அந்த நிறத்தை எனக்கு முன் யாரும் பார்த்ததில்லை என்ற நினைப்பு இன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆனால் முதல் பூவை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது சிறிதாகவும் கோணலாகவும் வரும், அடுக்குப் பூவாக வேண்டியது ஒற்றையாகக்கூட வரும். குறைந்தது ஐந்தாறு பூவுக்குப் பிறகு, ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் தாண்டிய பிறகுதான் தீர்ப்பு. நிறமும் பருவத்தோடு மாறும், கடும் வெயிலில் சிவப்பு வெளிறும், குளிர்ந்த ஜனவரியில் அதே பூ கறுத்துச் சிவக்கும். ஒவ்வொரு பூவையும் காலை எட்டு மணிக்கு, நிழலில், பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியும் அடிமட்டமும் வைத்துப் படம் எடுங்கள். கொப்பியில் எழுத வேண்டியவை: பூவின் அகலம், காம்பு தொங்குகிறதா நிமிர்கிறதா, மாலை நாலு மணிக்கு இதழ் எப்படி இருக்கிறது, மழைக்குப் பிறகு எப்படி, மாதம் எத்தனை பூ, விரியாமலே எத்தனை மொட்டு உதிர்ந்தது. மொட்டு உதிரும் கன்றை எவ்வளவு அழகான பூவாக இருந்தாலும் நான் வைத்திருப்பதில்லை.

கழிப்பது கஷ்டம். விதையிலிருந்து வளர்த்த கன்றைக் குப்பையில் போட யாருக்கும் கை வராது. எங்கள் பக்கத்துக் கோயிலில் ஒரு சின்னக் காணித் துண்டு இருக்கிறது, நான் கழித்தவை எல்லாம் அங்கே பூசைக்குப் பூக்கின்றன. ஐயருக்கு மொட்டு உதிர்வது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஐம்பது கன்றில் ஒன்றோ இரண்டோ மிஞ்சினால் நல்ல வருடம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெட்டி வைத்துப் பார்த்தல்

மிஞ்சிய கன்று இன்னும் ஓர் இனம் ஆகவில்லை. அதிலிருந்து வெட்டி வைத்த கிளைகள் எல்லாம் தாயைப் போலவே பூக்க வேண்டும். விதையால் இதைக் காப்பாற்ற முடியாது, விதை போட்டால் மறுபடியும் எல்லாம் குலைந்து வரும். பென்சில் தடிப்பில், ஆறு அங்குல நீளத்தில், பச்சையும் முற்றலும் இல்லாத இடைநடுத் தண்டாகப் பத்து வெட்டுங்கள், மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு அதையும் பாதியாக வெட்டி, அலசிய தும்புத்தூளும் மணலும் கலந்ததில் நட்டு நிழலில் வையுங்கள். ஐந்தாறு கிழமையில் வேர் வரும். எத்தனைக்கு வந்தது என்று எழுதுங்கள், பத்தில் ஏழுக்கு மேல் பிடித்தால் மற்றவர்களுக்குக் கொடுக்கத் தகுந்த கன்று. வேர் பலவீனமாக இருந்தால் முன்பு சொன்ன வேலிச் சிவப்பு இப்போது கைகொடுக்கும், அதன் வேர் நம் மண்ணில் எதையும் தாங்கும், அதன் தண்டில் ஒட்டுக் கட்டுங்கள்.

வேர் பிடித்த கன்றுகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். என்னுடையதில் இரண்டு கடற்கரைப் பக்கத்துப் பல்கனியில், இரண்டு நுகேகொடையில் தங்கை வீட்டு நிலத்தில், ஒன்று கண்டியில். இரண்டு வருடம் எல்லா இடத்திலும் ஒரே பூவாக நிற்கிறதா என்று பாருங்கள். சில வேளை ஒரு கிளையில் மட்டும் வேறு நிறம் வரும், அந்தக் கிளையிலிருந்து வெட்டி வைத்தவற்றைக் கலந்துவிடாமல் தனியாக வையுங்கள், அதுவே இன்னொரு இனமாகவும் ஆகலாம்.

பெயர்

பெயர் வைப்பதற்குச் சர்வதேச விதிகள் உண்டு, பயிரிடும் தாவரங்களுக்கான பெயரீட்டு விதித்தொகுப்பு 1953இல் முதலில் வந்தது. அதன்படி நீங்கள் வைக்கும் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும், 1959 ஜனவரி 1க்குப் பிறகு வைக்கும் பெயர் லத்தீனில் இருக்கக் கூடாது, 30 எழுத்தைத் தாண்டக் கூடாது, ஏற்கெனவே இன்னொரு செவ்வரத்தைக்கு வைத்த பெயராகவும் இருக்கக் கூடாது. தமிழ்ப் பெயர் தாராளமாக வைக்கலாம், பதிவேட்டுக்கு ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். செவ்வரத்தைக்கெனச் சர்வதேசப் பதிவேடு இருக்கிறது, தாய் தகப்பன் பெயர், பூவின் அளவு, வடிவம், படங்கள் எல்லாம் கேட்பார்கள், கொப்பி ஒழுங்காக இருந்தால் ஒரு மாலை நேர வேலை. நிறத்தைத் துல்லியமாகச் சொல்லப் பிரித்தானிய அரச தோட்டக்கலைச் சங்கத்தின் நிற அட்டையைத்தான் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள், விலை கூடியது, வைத்திருப்பவர் யாரிடமாவது ஒரு நாள் கேட்டு வாங்கி இலக்கத்தைக் குறித்துக்கொண்டால் போதும். பதிவு செய்தால் பூவுக்குச் சட்டப்படி உரிமை வந்துவிடாது, இந்தப் பெயர் இந்தப் பூவுக்கு என்பது மட்டும் உறுதியாகும்.

பெயர் வைத்த பிறகு ஒரு மாதத்துக்குள் குறைந்தது மூன்று வீடுகளுக்கு வேர் பிடித்த கன்றைக் கொடுத்துவிடுங்கள், யாரிடம் எப்போது கொடுத்தீர்கள் என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மொட்டைமாடியில் தண்ணீர்த்தாங்கி வெடித்தோ, ஒரு கிழமை ஊருக்குப் போன நேரத்தில் சாடி காய்ந்தோ உங்கள் கன்று போனால், அந்தப் பக்கத்தைப் புரட்டி, யாரோ ஒருவருக்கு அழைப்பெடுத்து, ஆறு அங்குலத்தில் ஒரு கிளை கேட்கலாம்.